வடுக்களோடு ஒரு தாம்பத்தியம்



பிரியமானவர்களே, புற்றுநோயிலிருந்து விடுதலை பெற்ற ஒரு சகோதரி சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போது நாம் கரங்களைத் தட்டித் தேவனை மகிமைப்படுத்துகிறோம். அறுவைச் சிகிச்சை நடந்தது, கீமோதெரபி முடிந்தது, கடைசி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாட்சி அங்கே நிறைவடைகிறது. ஆனால் அந்தச் சகோதரி வீடு திரும்பிக் கதவைச் சாத்தியபின் கண்ணாடியின் முன் நிற்கிறாள். ஒரு மார்பு இருந்த இடத்தில் நீண்ட தழும்பு இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்த பின்னரே உடை மாற்றுகிறாள். கணவனோ, தொட்டால் வலிக்குமோ என்று பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவர் என்னை வெறுத்துவிட்டார் என்று அவள் எண்ணுகிறாள். அவளுக்கு என்னைத் தேவையில்லை என்று அவன் எண்ணுகிறான். இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். ஆனாலும் வாய் திறப்பதில்லை.

மேடையில் சொல்ல முடியாத இந்தப் பாகத்தைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன். இதை ஏன் ஒரு சபைப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். விவாகமஞ்சத்தைக் கனமுள்ளதென்று எபிரெயர் நிருபம் சொல்லுகிறது (எபி. 13:4). கனமுள்ள ஒன்றைக் குறித்துக் கனமான வார்த்தைகளில் பேசுவதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மேலும் இது நமக்குத் தூரமான காரியமுமல்ல. 2022-ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும், சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டன. கட்கி, தாபோடி, பிம்பிரி, தேஹு ரோடு என்று நாம் கூடிவரும் எந்தச் சபையிலும் இந்நோயைச் சந்தித்த ஒரு குடும்பமாவது இருக்கும்.

முடி உதிர்ந்தபோது

கீமோதெரபியில் முதலாவது கண்ணுக்குத் தெரிகிற இழப்பு தலைமுடிதான். நகை அணியாத, பூச்சூடாத நம் சகோதரிகளுக்குக் கூந்தல் ஒன்றே அழகாய் இருந்திருக்கும். ஸ்திரீயின் கூந்தல் அவளுக்கு மகிமை என்று பவுல் எழுதியிருப்பதை (1 கொரி. 11:15) சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்தவள், கொத்துக் கொத்தாய் முடி கையோடு வரும்போது, "தேவன் என் மகிமையை எடுத்துவிட்டாரோ?" என்று கலங்குகிறாள். போதாததற்கு, மொட்டைத் தலையை நம் நாட்டார் துக்கத்தோடும் அமங்கலத்தோடும் சேர்த்துப் பார்த்தே பழகியிருக்கிறார்கள்.

இந்தப் புனே மண்ணுக்கு அந்தத் துயரம் நன்றாகத் தெரியும். கணவனை இழந்த பெண்ணின் தலையைச் சிரைத்து, அவளை மூலையில் உட்காரவைத்த வழக்கம் ஒரு காலத்தில் இந்நகரின் உயர்குலக் குடும்பங்களில் இருந்தது. தானும் இளவயதில் விதவையான பண்டித ரமாபாய், அப்படிப்பட்ட பெண்களுக்கென்று 1889-இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே அதைப் புனேக்குக் கொண்டுவந்தார். பின்பு கேட்காவில் முக்தி மிஷனை நிறுவினார். 1905-இல் அங்கே உண்டான எழுப்புதலைப் பெந்தெகொஸ்தே சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். நாம் அடிக்கடி நன்றியோடு நினைவுகூருகிற அந்த எழுப்புதல், ஊரார் அவலட்சணம் என்று ஒதுக்கிய பெண்களும் ஆதரவற்ற சிறுமிகளும் வாழ்ந்த வீட்டிலே இறங்கியது. சிரைக்கப்பட்ட தலையைப் பார்த்து ஆவியானவர் விலகிப்போகவில்லை.

சகோதரியே, கீமோ மருந்து வேகமாய் வளரும் அணுக்களைத் தாக்குகிறது. புற்று அணுக்கள் அப்படிப்பட்டவை. முடியின் வேரில் உள்ள அணுக்களும் அப்படிப்பட்டவை. ஆகவேதான் முடி உதிர்கிறது. இதில் சாபம் ஒன்றுமில்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் முடி பெரும்பாலும் மறுபடியும் துளிர்க்கத் தொடங்கும். முதலில் வருவது சுருண்டோ நிறம் மாறியோ இருக்கலாம். அதுவரை விக் வைப்பது பொய்யாகுமோ என்று சஞ்சலப்பட வேண்டாம். பல் விழுந்தவர் பல்செட் வைப்பதை நாம் பொய் என்று சொல்லுவதில்லையே. விக் வேண்டாம் என்றால் ஜெபத்தில் நீங்கள் இட்டுக்கொள்ளும் முக்காடே உங்களுக்குப் போதும்.

மார்பை இழந்த சகோதரிக்கு

ஒரு காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்றால் மார்பு முழுவதையும், அதன் கீழுள்ள தசையையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டுகளையும் சேர்த்து அகற்றுவதே வழக்கமாயிருந்தது. நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தாலும், முழு மார்பை அகற்றியவர்களுக்கு இணையாகவே உயிர் பிழைக்கிறார்கள் என்று அமெரிக்க மருத்துவர் பெர்னார்டு பிஷரின் குழுவினர் 1985-இல் வெளியிட்டார்கள். 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட முடிவும் அதையே உறுதிசெய்தது. ஆகவே அறுவைச் சிகிச்சைக்கு முன்பே, "என் மார்பைக் காப்பாற்ற வழி உண்டா?" என்று கேட்பது மாம்ச இச்சையுமல்ல, வீண் பெருமையுமல்ல. கேட்கத் தகுந்த கேள்வி அது. எல்லாருக்கும் அது இயலாது. ஆனால் கேட்காதவர்களுக்குப் பதில் கிடைப்பதில்லை.

முழுவதும் அகற்றியே ஆக வேண்டியிருந்தாலும் வழிகள் உண்டு. உடலின் மற்றொரு பாகத்திலிருந்து சதையை எடுத்தோ, சிலிக்கான் வைத்தோ மார்பை மறுபடியும் அமைக்கிறார்கள். அதை அன்றே செய்யலாம். சில ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். செய்யாமலே விடவும் செய்யலாம். உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் மார்பு கடைகளில் கிடைக்கிறது. பருத்தி நூலால் பின்னிய மென்மையான மார்புகளைத் தன்னார்வலப் பெண்கள் நம் நாட்டிலே இலவசமாகவும் கொடுக்கிறார்கள். இது வெறும் தோற்றத்துக்காக மாத்திரமல்ல. ஒரு பக்கம் பாரம் குறைந்தால் தோளும் முதுகும் சாய்ந்து வலி உண்டாகிறவர்களுக்கு, சரியான எடையுள்ள சிலிக்கான் மார்பு ஒத்தாசையாயிருக்கிறது.

தழும்பைக் கணவனுக்குக் காட்டும் நாளைக் குறித்துப் பயப்படுகிற சகோதரிகள் அநேகர். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் நீங்களே அதைப் பாருங்கள். உங்கள் கையால் தொட்டுப் பழகுங்கள். எண்ணெயோ மருத்துவர் சொன்ன களிம்போ தடவும் வேளை அதற்கு ஏற்றது. பின்பு, உங்களுக்கு மனம் திடப்பட்ட ஒரு நாளில், அவசரமில்லாமல் அவருக்குக் காட்டுங்கள். கட்டு மாற்றும்போது உதவி செய்த கணவனுக்கு அந்த நாள் அவ்வளவு கடினமாயிருப்பதில்லை.

கணவன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையில்லாமல் அழுத அன்னாளிடத்தில், பத்துக் குமாரரைப் பார்க்கிலும் நான் உனக்கு மேலல்லவா என்ற கருத்தில் எல்க்கானா பேசினான் (1 சாமு. 1:8). அவன் அவளை நேசித்தது மெய். இரட்டிப்பான பங்கும் கொடுத்தான். ஆனால் அவளுடைய துக்கத்தை அவன் கேட்டு முடிக்கவில்லை. ஆறுதல் சொல்ல முந்திக்கொண்டான். "எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை, விடு" என்று நீங்கள் சொல்லும்போதும் அதுவே நடக்கிறது. அவள் அழட்டும். இழந்தது ஒரு சதைத்துண்டு மாத்திரமல்ல. பிள்ளைகளுக்குப் பாலூட்டிய இடம் அது. கேட்டு முடித்தபின் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஆயிரம் வார்த்தையின் பெலன் உண்டு.

அறைக்குள்ளே உண்டாகும் மாற்றங்கள்

சிகிச்சைக்குப்பின் தாம்பத்திய உறவில் உண்டாகும் தடைகள் பெரும்பாலும் மனதின் குறையல்ல. சரீரத்தில் நடந்த மாற்றங்களின் விளைவு. கீமோதெரபி மாதவிலக்கை முன்னதாகவே நிறுத்திவிடக்கூடும். மார்பகப் புற்றுநோய் திரும்பாதபடி ஐந்து முதல் பத்து ஆண்டுகள்வரை கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரைகளும் பெண்ணுறுப்பில் வறட்சியையும், உடலில் திடீர்ச் சூட்டையும், ஆசைக் குறைவையும் உண்டாக்கலாம். வறட்சி இருக்கும்போது உறவு வலிக்கும். வலித்தால் பயம் வரும். பயந்தால் தசை இறுகி இன்னும் வலிக்கும். இதை அறியாத கணவன், மனைவிக்கு அன்பு குறைந்துவிட்டது என்று நினைக்கிறான்.

இதற்குப் பரிகாரம் உண்டு. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நீர் கலந்த வழவழப்பு ஜெல் முதல் உதவி. ஆணுறை உபயோகிக்கிறவர்கள் தேங்காயெண்ணெய் முதலான எண்ணெய்களைத் தடவினால் ஆணுறை கிழிந்துவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்புகளைப் புற்றுநோய் மருத்துவரைக் கேளாமல் வாங்கக்கூடாது. வறட்சிக்குப் பயந்து ஹார்மோன் மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி தேடுவார். மாதவிலக்கு நின்றதுபோல் இருந்தாலும் கருத்தரிக்க இடமுண்டு. சிகிச்சை நாட்களில் கரு உண்டானால் அந்தச் சிசுவுக்குத் தீங்கு நேரலாம். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை பெரும்பாலும் ஆகாது. ஆகவே வேறு பாதுகாப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற சகோதரிகளுக்குப் பெண்ணுறுப்பு சுருங்கி இறுகிப்போகக்கூடும். அதைத் தடுக்க டைலேட்டர் என்னும் வழவழப்பான குழாய் போன்ற கருவியை, மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து வாரந்தோறும் சில முறை உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். இதை வெட்கமான காரியமென்று அலமாரியில் ஒளித்துவைத்துவிடுகிறவர்கள் உண்டு. உடைந்த கை கூடியபின் கொடுக்கும் பிசியோதெரபி போன்றதே இதுவும். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, பின்னாட்களில் மருத்துவர் உள்ளே பரிசோதித்து நோய் திரும்பவில்லை என்று அறிவதற்கும் இது அவசியம்.

சில பயங்களுக்கு ஆதாரமே இல்லை. புற்றுநோய் தொற்றாது, முத்தத்தினாலும் உறவினாலும் கணவனுக்கு வராது. வெளியிலிருந்து கதிர்வீச்சு பெற்றவரின் சரீரத்தில் கதிர் தங்குவதில்லை, குழந்தையையும் தூக்கலாம். உறவு கொள்வதால் நோய் திரும்புவதில்லை. ஆனால் கீமோ கொடுத்த சில நாட்களுக்கு மருந்து உடல் திரவங்களில் இருக்கும் என்பதால் ஆணுறை அவசியம். இரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் உறவைத் தவிர்ப்பது நல்லது.

சந்தேகம் என்னும் இரண்டாம் நோய்

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைக் குறித்து இன்னொரு காரியத்தை வெளிப்படையாய் எழுத வேண்டியிருக்கிறது. இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் என்றும், அது உறவின் வழியாய்ப் பரவும் என்றும் கேள்விப்பட்டவுடன், "இது உனக்கு யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்கும் கணவன்மார் உண்டு. மரணத்தோடு போராடுகிறவளைக் கொல்லும் கேள்வி அது.

தாம்பத்திய வாழ்வில் பிரவேசித்த பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் இவ்வைரஸ் ஏதாவது ஒரு காலத்தில் தொட்டுச் செல்கிறது. பெரும்பாலானவர்களிடத்தில் ஓரிரு ஆண்டுகளில் தானாய் மறைந்துவிடும். சிலரிடத்தில் மாத்திரம் தங்கி, பத்து இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கணவன் மூலமாய் மனைவிக்கு வந்திருக்கவும் கூடும். ஆகவே இந்நோயை விபசாரத்துக்குச் சாட்சியாக எவரும் நிறுத்த முடியாது. இரண்டு சாட்சிகளில்லாமல் ஒருவனையும் குற்றவாளியாய்த் தீர்க்கக்கூடாதென்பது நியாயப்பிரமாணம் (உபா. 19:15). இங்கே ஒரு சாட்சிகூட இல்லை.

இதைத் தடுக்கும் தடுப்பூசியும் உண்டு. நம் புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த செர்வாவாக் என்னும் தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 2023 ஜனவரியில் அது வெளிவந்தது. 9 முதல் 14 வயதுவரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு இரண்டு தவணை போடுகிறார்கள். பிள்ளைகளை ஒழுக்கமாய் வளர்க்கும் வீட்டுக்கு இது தேவையில்லை என்று எண்ண வேண்டாம். உங்கள் மகளுக்கு வரப்போகும் மணவாளனின் சரீரத்தில் என்ன இருக்கும் என்று நீங்கள் இன்று அறிவீர்களோ?

ஆண்களும் அழுகிறார்கள்

புரோஸ்டேட் சுரப்பியை அகற்றிய சகோதரருக்கு விறைப்புத் தன்மை குறைந்துபோகலாம். சில காலம் சிறுநீர் கசியலாம். விறைப்புக்கான நரம்புகள் அந்தச் சுரப்பியை ஒட்டியே செல்லுகின்றன. அவை தேறுவதற்கு இரண்டு ஆண்டுகள்வரைகூட ஆகலாம். மாத்திரை, வெற்றிடக் கருவி, ஊசி என்று உதவிகள் உண்டு. ஆனால் மாத்திரையைத் தெரிந்தவர் சொன்னார் என்று கடையில் வாங்கிப் போடாதிருங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுக்கிறவர் அதைச் சேர்த்துப் போட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தாய் இறங்கும். விதைப்பையில் புற்றுநோய் கண்டு ஒன்றை அகற்றினாலும், மீதியுள்ள ஒன்று பெரும்பாலும் போதுமானது. பிள்ளை வேண்டும் என்றிருக்கும் வாலிபர்கள், சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்க வழி கேட்க வேண்டும். அவ்வாறே திருமணமாகாத சகோதரிகள் கருமுட்டையைச் சேமிப்பதைக் குறித்துக் கேட்கலாம். சிகிச்சை தொடங்கிய பின்பு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

"நான் இனி ஆண்மகனல்ல" என்று உள்ளுக்குள் ஒடிந்துபோன சகோதரரே, ஏசாயா 56-ஆம் அதிகாரத்தைத் திறந்துபாருங்கள். அண்ணகரை நியாயப்பிரமாணம் சபைக்குப் புறம்பே நிறுத்தியிருந்தது (உபா. 23:1). அப்படிப்பட்டவன் தன்னைப் பட்டுப்போன மரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று கர்த்தர் ஏசாயாவின் மூலமாய் அறிவித்து, குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைப் பார்க்கிலும் மேலான இடத்தையும் பெயரையும் தம் ஆலயத்துக்குள்ளே அவனுக்கு வாக்குப்பண்ணினார். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் சுருளையே வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்பு அவனைச் சந்தித்தான். ஞானஸ்நானத்துக்குத் தடை என்ன என்று அவன் கேட்டபோது, அவனுடைய சரீரத்தின் குறையைப் பிலிப்பு ஒரு தடையாகச் சொல்லவில்லை. அவன் சந்தோஷத்தோடே தன் வழியே போனான்.

பவுலின் வார்த்தையைத் தவறாய்ப் பிடிக்க வேண்டாம்

ஒருவரையொருவர் வஞ்சியாதிருக்கும்படி பவுல் தம்பதிகளுக்குப் புத்தி சொல்லும் பகுதியை (1 கொரி. 7:3-5) எடுத்துக்கொண்டு, வலியோடிருக்கிற மனைவியைக் கட்டாயப்படுத்துகிற கணவன் வசனத்தின் பாதியைத்தான் வாசித்திருக்கிறான். அதே பகுதியில் கணவனுடைய சரீரத்துக்கும் அவன் அதிகாரியல்ல, மனைவியே அதிகாரி என்று எழுதியிருக்கிறது. இருவரும் சம்மதித்தால் சிலகாலம் விலகியிருக்கவும் இடமுண்டு. எபேசியர் 5-ஆம் அதிகாரமோ, தன் சொந்த மாம்சத்தைப் போஷித்துக் காப்பாற்றுகிறதுபோல மனைவியைக் காப்பாற்றச் சொல்லுகிறது. தன் கையில் காயம் இருந்தால் எவன் அதன்மேல் அடிப்பான்?

ஆகவே தம்பதிகளே, உறவை மறுபடியும் தொடங்கும்போது அதன் முடிவிலிருந்து தொடங்காதிருங்கள். கைகோத்து உட்காருங்கள். தலையைக் கோதிவிடுங்கள். முதுகைத் தடவிவிடுங்கள். இத்தனை மட்டும் போதும் என்று இருவரும் முன்னமே பேசிக்கொண்டால், பயமில்லாமல் நெருங்க முடியும். வலிக்கும்போது "வலிக்கிறது" என்று சொல்லுவது கீழ்ப்படியாமையல்ல. சிலருக்குப் பழைய நிலை திரும்பாமலே போகலாம். அப்பொழுதும் அணைப்பும் ஜெபமும் சேர்ந்து சிரிப்பதும் மெய்யான தாம்பத்தியமே.

சபை செய்யக்கூடியது

பிழைப்பைத் தேடி வந்த நம் ஜனங்களுக்கு இன்னும் இரண்டு இடுக்கண்கள் உண்டு. ஒன்று, பாஷை. மருத்துவர் மராத்தியிலோ இந்தியிலோ பேசுகிறார். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் நடுவே நின்று மொழிபெயர்க்கிறான். தன் அந்தரங்க வலியை மகன் வாயால் எந்தத் தாய் சொல்லுவாள்? "ஒன்றுமில்லை" என்று சொல்லி எழுந்துவிடுகிறாள். ஆகவே ஒவ்வொரு சபையிலும் இந்தியோ மராத்தியோ நன்கு அறிந்த, இரகசியத்தைக் காக்கிற, நடுத்தர வயதுள்ள சகோதரிகள் இருவரை இதற்கென்றே ஏற்படுத்துங்கள். கேள்விகளை முன்னமே தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். 1952-இல் நியூயார்க்கில் தெரீஸ் லாசர் என்னும் பெண்மணி, தான் மார்பை இழந்தபின், அதேபோல் இழந்த மற்றப் பெண்களைச் சந்தித்து ஆறுதல் சொல்லும் ஊழியத்தைத் தொடங்கினார். அது பல தேசங்களுக்குப் பரவியது. அவரிடத்தில் பட்டமோ பதவியோ இருந்ததினால் அல்ல, அதே வழியில் நடந்தவராயிருந்ததினாலே அவருடைய வார்த்தை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மற்றொன்று, இடம். ஒரே அறையுள்ள வீட்டில் பிள்ளைகளும் மாமியாரும் படுத்திருக்க, கணவனும் மனைவியும் எங்கே மனந்திறந்து பேசுவார்கள்? சனிக்கிழமை மாலையில் அவர்களுடைய பிள்ளைகளை இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்காதிருங்கள். அதுவும் ஓர் ஊழியமே.

விசாரிக்கச் செல்லுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "விசுவாசம் இருந்தால் சாதாரணமாகிவிடுவாய்", "உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் ஏன் நினைக்கிறாய்" என்று சொல்லி வாயடைக்காதிருங்கள். தேவன் சுகம் தருகிறவர் என்று நாம் விசுவாசிக்கிறோம், பிரசங்கிக்கிறோம். ஆனால் யாக்கோபைத் தேவன் ஆசீர்வதித்த அதே இரவில் அவன் நொண்டி நடக்கத் தொடங்கினான் (ஆதி. 32). ஆசீர்வாதமும் நொண்டுதலும் ஒரே சரீரத்தில் இருந்தன. மரணத்தை ஜெயித்து எழுந்த நம் ஆண்டவர், புதிய மகிமையின் சரீரத்திலும் ஆணிகளின் அடையாளங்களை அழித்துவிடவில்லை. பூட்டிய அறைக்குள்ளே வந்து, சந்தேகப்பட்ட தோமாவுக்கு அவற்றையே காட்டி, கையை நீட்டித் தொடும்படி அழைத்தார் (யோவான் 20). தம் தழும்பை நேசிக்கிறவர்களுக்கு மறைக்காத ஆண்டவரை நாம் சேவிக்கிறோம். நீங்களும் உங்கள் கணவனுக்கு முன்பாக, மனைவிக்கு முன்பாக அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், கணவனும் மனைவியுமாய்ச் சேர்ந்து ஜெபியுங்கள்: அன்பின் பரம தகப்பனே, எங்கள் சரீரங்களை நீர் அறிந்திருக்கிறீர். நாங்கள் இழந்தவைகளை உமக்கு முன்பாக வைக்கிறோம். எங்கள் நடுவிலுள்ள பயத்தையும் வெட்கத்தையும் சந்தேகத்தையும் எடுத்துப்போடும். மனந்திறந்து பேசவும், பொறுமையாய்க் காத்திருக்கவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.